ஜீனத் தைக்காமல் விட்ட பாதி

ஊசியைக் கையில் எடுத்தால் ஜீனத்துக்குச் சோறு தண்ணி வேண்டாம். வாயைத் திறக்கச் சொன்னால்தான் வம்பு. மனசில் இருப்பதைக் கேட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஊசிப் பழக்கம் அப்பா சாந்த் பாஷாவிடமிருந்து வந்தது. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோவுக்கு சீட் தைக்கிற கடை வைத்திருந்தார். பௌர்ணமிக் கூட்டம் பெருகப் பெருக ஆட்டோவும் பெருகியதால் வேலைக்குக் குறைவில்லை. ஆனால் மனிதர் சரியான பிடிவாதக்காரர். "ஓரம் மட்டும்தானே பாக்கி பாய், சவாரி காத்துனு இருக்குது" என்று டிரைவர்கள் கெஞ்சினாலும், முடிக்காத தையலைக் கையை விட்டு அனுப்ப மாட்டார்.

1999 கடைசியில் ஜீனத்தின் பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். தையல் டீச்சர் சந்திரம்மாள் பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு ஆளுக்கொரு வெள்ளைத் துணி கொடுத்து, நடுவில் கோடு போடச் சொன்னார். ஒரு பக்கம் வருங்காலத்தைப் பற்றிய ஆசை, மறுபக்கம் பயம். இரண்டையும் நூலால் காட்ட வேண்டும். இரண்டாயிரம் பிறந்தால் உலகம் அழிந்துவிடும் என்று ஊரெல்லாம் புரளி ஓடிக்கொண்டிருந்ததால், பாதிப் பேர் துணியில் மலையே வெடித்துச் சிதறியது. எழில் என்கிற குறும்புக்காரி கணக்கு வாத்தியாரையே பயத்தின் பக்கம் தைத்துவிட்டு, டீச்சர் முறைத்ததும் மீசையை மட்டும் பிரித்தெடுத்தாள்.

ஜீனத் ஆசையின் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி லேபைத் தைத்தாள். மேஜை நிறையக் கண்ணாடிக் குழாய்கள், வெள்ளைக் கோட்டில் ஒரு பெண். பயத்தின் பக்கம் காலியாகக் கிடந்தது. பயம் இல்லாமலில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, ஆம்பூர் சம்பந்தத்தை முடித்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதை எப்படித் தைப்பாள்? கண்காட்சிக்கு அப்பாவும் வருவாரே.

கண்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம் அவள் துணியை மடிக்கும்போது அவர் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, பாதி காலியா கீது?"

"நேரமில்லப்பா. இப்படியே குடுத்துடறேன்."

"அரைகுறையா நம்ம வீட்லருந்து ஒண்ணும் போவாது. குடு, நான் தைக்கறேன். இன்னா தைக்கணும்னு மட்டும் சொல்லு."

ஊசியில் நூல் கோத்து, துணியை முழங்கால் மேல் விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இனி விடுகிற ஆளில்லை.

"ஒரு ஸ்கூல் பை, அப்பா."

"சரி."

"ஆணியில மாட்டி இருக்குது. பத்தாவது முடிஞ்சதும் மாட்டினது. அப்புறம் யாரும் எடுக்கவே இல்ல."

அடுப்படியில் அம்மா மெஹ்ருன்னிசாவின் கரண்டிச் சத்தம் நின்றது. சாந்த் பாஷா ஊசியைத் துணிமேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ரெக்ஸினை ஒரே குத்தில் துளைக்கிற கைக்கு அந்த மெல்லிய துணியில் ஊசி இறங்கவில்லை. மகள் பயப்படுவது தன்னைப் பார்த்துத்தான் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். நூலை உருவிப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்து ஜீனத் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் கடையை அடைத்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் பள்ளிக்கு வந்தார். துணிகளைப் பார்வையிட வந்த அதிகாரி ஜீனத் முன்னால் நின்றார்.

"பயத்தையே காணோமேம்மா, ஏன் முடிக்கல?"

ஜீனத் வழக்கம்போல் தரையைப் பார்த்தாள். பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"அது நடக்காதுங்க. அதான் தைக்கல."

பரிசு எழிலுக்குப் போனது. ஜீனத் அதைக் கவனிக்கவே இல்லை. பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப்புக்கு எவ்வளவு மார்க் வேண்டும் என்று அப்பா சந்திரம்மாள் டீச்சரை விசாரித்துக்கொண்டிருந்தார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல் அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றாள்.