முகர்ந்து பார்த்த முட்டை

நாமக்கல்லில் ஒருநாள் கேக் வகுப்பு நடத்திய அந்த அம்மாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இறுக்கிய கொண்டை, சிரிக்காத முகம். ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்த பிறகே மாவில் சேர்ப்பார்.

விடுதிப் பள்ளியை விட்டு வந்து நான்கு மாதமாக அறைக்குள்ளேயே கிடந்த மகளைக் கெஞ்சி அழைத்துப் போயிருந்தேன். எங்கள் பண்ணை முட்டைதானே என்று அவள் நேராக மாவில் உடைத்தாள். கடைசி முட்டை அழுகல்.

"கோழிப்பண்ணைக்காரர் ஊட்டுப் புள்ளைக்கு முட்டை ஒடைக்கத் தெரியலீங்களே!" என்று மாவைக் குப்பையில் கொட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏனுங்க, புள்ளை இப்பத்தானுங்க வெளியவே வந்திருக்குது" என்றேன்.

"அது முட்டைக்குத் தெரியுமுங்களா?"

நேற்று மகள் தானாகச் சமையலறைக்கு வந்து, கிண்ணத்தில் ஒரு முட்டையை உடைத்து முகர்ந்தாள்.

"அடுத்த கிளாஸ் எப்பங்கப்பா?"

அந்த அம்மாவுக்கா நான் போன் செய்ய வேண்டும்?