வளைவுக்கு அளவாக ஓர் ஆள்

எருமைக்குத் தன் பெயர் தெரியாது என்று உங்களுக்கு யார் சொன்னது? ரோமுக்குத் தெற்கே, பாதி இடிந்த பழைய நீர்ப்பாலத்தின் அடியில் நின்று நுன்சியாட்டா ஒவ்வொரு பெயராக இழுத்துப் பாடுகிறாள். பெயர் கேட்ட எருமை மட்டும் மந்தையை விட்டு வந்து மடியைக் கொடுக்கிறது. உதைக்கிற எருமைக்குப் பண்ணைக் காரியஸ்தரின் பெயர். “வாடி, பாஸ்குவாலே! இன்னிக்காவது குடுக்கக் கத்துக்க.”

கறக்கும்போது வலக்கண்ணை மூடிக்கொள்வாள். வால் அடித்து அடித்துப் பழகிப்போன வழக்கம். பாலத்தின் ஒரு வளைவை நாணலால் அடைத்து வீடாக்கியிருக்கிறாள். உள்ளே கணவன் பியாஜோ சதுப்புக் காய்ச்சலில் மூன்று வாரமாகக் கிடக்கிறான். மருந்து கேட்டதற்குக் காரியஸ்தர் புனிதரின் பதக்கம் ஒன்றை அனுப்பினார். அதை வீட்டு ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்டாள். “ஆட்டுக்கு இதுவரைக்கும் காய்ச்சல் வரலை. அதுக்குத்தான் கேக்குது போல.”

கோடையில் அங்கே ஆளே தங்குவதில்லை என்று நகரத்திலிருக்கும் பண்ணைச் சொந்தக்காரரான பிரபுவிடம் காரியஸ்தர் சொல்லி வைத்திருக்கிறார். ஆளில்லாத இடத்துக்கு மருத்துவர் எதற்கு? அநியாயத்துக்கும் ஒரு தர்க்கம் உண்டு, பாருங்கள்!

அந்தப் பிரபுவின் மாளிகைக்காக இடிபாடுகளை வரைய ஓவியர் ஒருவர் வந்தார். நுன்சியாட்டா தாளை எட்டிப் பார்த்தாள். வளைவுகள் இருந்தன. விரிசலில் முளைத்த காட்டத்தி கூட இருந்தது. வீடு இல்லை.

“எங்க வீட்டைக் காணோமே, ஐயா?”

“அது காட்சியைக் கெடுக்குதும்மா. நீ வேணா வளைவுக்குக் கீழ போய் நில்லு. ஆள் ஒண்ணு நின்னாத்தான் வளைவு எத்தனை உசரம்னு தெரியும்.”

“ஓகோ, நான் முழக்கோலா? பிரபு இந்தப் படத்தைப் பாப்பாரா?”

“தினமும் பாப்பார். சாப்பாட்டு மேசைக்கு எதிர்லதான் மாட்டப்போறாங்க.”

அவள் உள்ளே போனாள். கொளுத்தும் ஆகஸ்ட் வெயிலில், இரண்டு கம்பளிக்குள் பல் கிட்டிக்க நடுங்கிய பியாஜோவை முதுகில் சுமந்துவந்து வளைவின் கீழ்க் கல்லில் உட்காரவைத்தாள்.

“அளவுக்கு ஆள்தானே வேணும்? இந்தாங்க.”

“ஆடாம உக்காரச் சொல்லும்மா” என்றார் ஓவியர்.

“அந்த ஆட்டத்தையும் சேத்து வரைங்க.”

கணவன் சாய்ந்துவிடாமல் தோளைத் தாங்கிக்கொண்டு, ஓவியரை நேராகப் பார்த்தபடி நின்றாள். அவர் பென்சில் வளைவை விட்டுக் கீழே இறங்கியது.

இத்தாலிய இடிபாடுகளின் படம் எங்காவது கண்ணில் பட்டால், வளைவைப் பிறகு ரசியுங்கள். முதலில் குனிந்து, அந்தக் கம்பளிக்குள் இருப்பது யாரென்று பாருங்கள்.