அவசரம் என்று சொன்னவன்

ஓரம் மடித்த தாளில் பேனா ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தெலுங்கு எழுத்தைச் சரியாக முடித்த பிறகே கை அடுத்த எழுத்துக்குப் போயிற்று. மணி பத்தரை. பதினொன்றுக்குக் கங்கையாவைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

"சீக்கிரம்ணா," என்றாள் மணியம்மா. "அவன் உள்ள போய்ட்டா நாளைக்கு எங்க தெருவுல எவன் காவலுக்கு நிப்பான்?"

வேதாச்சலம் தலை நிமிரவில்லை. சித்தூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே பதினைந்து வருஷம் தமிழில் மனு எழுதியவர். ஆந்திரா தனி ராஜ்யமானதும் தமிழ் மனு கேட்பவர் குறைந்தார்கள். கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்தே நாற்பது வயதில் தெலுங்கு கற்றார். சந்தேகமான சொல்லை நாலு பேரிடம் கேட்காமல் தாளில் ஏற்றமாட்டார்.

வெல்லமண்டிக்குப் பின்தெருவில் பட்டப்பகலிலேயே திருட்டு. ஆளில்லாத வீடுகளில் அண்டாவும் குடமும் போயின. தினம் இரண்டு பேர் வேலைக்குப் போகாமல் காவல் நிற்பதென்று தெருவார் முறை வைத்தார்கள். வியாழக்கிழமை கங்கையாவின் முறை. மணியம்மா வீட்டு அண்டாவோடு ஒருவன் ஓட, சவரக்கடை வாசலில் நின்ற சைக்கிளை எடுத்துத் துரத்தினான். அண்டாவைப் போட்டுவிட்டுத் திருடன் தப்பினான். திரும்பி வந்தபோது சைக்கிள்காரர் போலீசோடு நின்றார்.

"அவசரத்துக்கு எடுத்தேங்க" என்று ஸ்டேஷனில் சொன்னான். கடப்பையிலிருந்து புதிதாக வந்த ரைட்டருக்குத் தமிழ் தெரியாது. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. சைக்கிள் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டேன் என்று எழுதிக் கைநாட்டு வாங்கிவிட்டார்.

வேதாச்சலம் மனுவோடு ஸ்டேஷன் வராந்தாவுக்குப் போனார். தூணோரம் குந்தியிருந்த கங்கையாவுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினார். திருடனைத் துரத்தும் அவசரத்தில் சைக்கிளை எடுத்ததாகச் சொல்லும் வரியில், 'தொந்தர' என்ற இடத்தில் அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"நான் யாருக்கும் தொந்தரவு பண்ணல நைனா. இதுல கைநாட்டு வெக்கமாட்டேன்."

"தெலுங்குல அதுக்கு வேகம்னு அர்த்தம்பா."

"ரைட்டரு எழுதுனதயும் நல்லாத்தான் கீதுன்னாங்க. நான் திருத்தணிலேர்ந்து வந்து ஆறு மாசம்தான் ஆவுது. உங்க தெலுங்கே எனுக்கு வாணாம்."

"கல்லு மாதிரி குந்திக்கினு கீறியே, வையேன்டா," என்றாள் மணியம்மா.

வேதாச்சலம் அவளைக் கையமர்த்தினார். புரியாதவன் விரலைப் பிடித்துத் தாளில் அழுத்துவது அவர் வழக்கமில்லை. சொல்லை அடித்துவிட்டு வேறு போடவும் வழியில்லை; அடித்தல் திருத்தல் உள்ள மனுவை சப் இன்ஸ்பெக்டர் தொடமாட்டார்.

உள்ளேயிருந்து கான்ஸ்டபிள் விலங்கோடு வந்தார். "ஏமய்யா, தொந்தரகா ரா."

கங்கையா சடக்கென்று எழுந்தான். வேதாச்சலம் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஏன் எழுந்துக்கினே?"

"சீக்கிரமா வரச் சொல்றாரு."

"என்னன்னு சொல்லிக் கூப்ட்டாரு?"

கங்கையாவின் உதடு அசைந்தது. வெல்லமண்டியில் அவன் மூட்டை சுமக்கும்போது மேஸ்திரி நாளெல்லாம் கத்துவதும் அதேதான்.

"அட, அதுவா இது," என்று விரலை மையில் ஒற்றினான்.

வேதாச்சலம் கைநாட்டு காயும்வரை ஊதினார். சப் இன்ஸ்பெக்டர் கோர்ட்டுக் காகிதங்களில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்தார். மேஜையில் வைத்தால் மனு அந்தக் காகிதங்களுக்கு அடியில் போய்விடும். அவர் நிமிர்ந்து கையை நீட்டும்வரை நின்று, மனுவை இரண்டு கைகளாலும் கொடுத்தார்.