சர்போங் வாங்கிய பாதி விலைக் கேமரா

"இதை எவ்வளவுக்கு வாங்கினீங்க?" என்று கேட்டபடியே ஒருவருடைய கறுப்புத் துக்கத் துணியின் ஓரத்தைத் திருப்பிப் பார்க்கிறார் சர்போங். அந்த மனிதர் சொந்த அண்ணனைப் புதைத்துவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறார். அழுது அழுது கண் வீங்கியிருக்கிறது. கேட்ட கேள்விக்கு மரியாதைக்காக ஒரு விலையைச் சொல்கிறார். "ஏமாத்திட்டான் உங்களை. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இதுல பாதிக்கு எடுத்துக் குடுத்திருப்பேனே" என்று அவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் நகர்கிறார் சர்போங்.

குமாசி நகரில் டாஃபோ பக்கம் சாவு வீடுகளில் வீடியோ எடுப்பது இவர் பிழைப்பு. அதே வீடுகளுக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு அனுப்புவது என் பிழைப்பு. ஆகவே சனிக்கிழமை விடிந்தால் அவர் முகத்தில்தான் நான் விழிக்க வேண்டும். ஊரார் அவரை டைரக்டர் என்று கூப்பிடுகிறார்கள். கிண்டலுக்குச் சொல்கிறார்கள் என்று அவருக்கு இன்றுவரை உறைக்கவில்லை.

டைரக்டரின் உடம்பில் முழு விலைக்கு வாங்கிய பொருள் ஒன்றுகூடக் கிடையாது. செருப்பில் இடது கால் ஒரு அளவு, வலது கால் ஒரு அளவு. "நடந்தா சரியாயிடும் அக்கா" என்பார். நான்கு வருடமாக நடக்கிறார், இன்னும் சரியாகவில்லை. வீட்டில் ஒரு குளிர்பெட்டி இருக்கிறது. அதன் கதவு வேறொரு பெட்டியின் கதவு, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார். மனைவி அதற்குள் துணி வைத்திருக்கிறாள். இத்தனைக்கும் எந்தப் பொருளைக் காட்டினாலும் அதை எப்படிப் பாதி விலைக்கு அடித்துப் பிடித்தார் என்ற கதையைத்தான் சொல்வாரே தவிர, அது வேலை செய்கிறதா என்ற பேச்சே வராது. மலிவு என்று எவனாவது சொல்லிவிட்டால் போதும், பல்லை இளித்துக்கொண்டு பின்னாலேயே போய்விடுவார்.

டவுனில் கேமரா விற்கிற ஒழுங்கான கடை ஒன்று இருக்கிறது. பெட்டியை நம் கண் முன்னால் பிரிப்பார்கள். நம்மையே படம் எடுத்து நமக்கே போட்டுக் காட்டுவார்கள். ரசீது தருவார்கள், ஒரு வருடத்துக்குள் கோளாறு வந்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அந்தக் கடை வாசலில் நின்று அவர் என்னிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்: "அந்தக் கண்ணாடிக் கதவுக்கும் குளுகுளு காத்துக்கும் யாரு காசு கட்டுறா? நம்ம தலையிலதான் கட்டுறான். நான் என்ன இளிச்சவாயனா?"

பதில் என் நாக்கு நுனி வரை வந்தது.

அவருடைய பழைய கேமரா போன மழைக்காலத்தில் செத்தது. அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் தலைநகர் அக்ராவின் ஆசாமி க்ளெமென்ட். கடை கிடையாது, பலகை கிடையாது, ஒரு கார் மட்டும் உண்டு. அதன் பின்பக்கத்தில் பெட்டி பெட்டியாகச் சாமான். கடை விலையில் பாதி சொல்வான். ஆனால் அவனுடைய உண்மையான முதலீடு அந்தக் காரில் இல்லை. எந்த ஊரில் சாவு என்றாலும் கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவான். எல்லோருக்கும் கை கொடுப்பான். மொய் மேசையில் ஒரு சிறு தொகையை வைப்பான். மைக்கில் அவன் பெயரைச் சொல்லும்போது எழுந்து நின்று தலை குனிவான். சர்போங்கின் அம்மா சொந்த ஊர் மாம்போங்கில் இறந்தபோதும் அப்படித்தான் வந்தான்.

எங்கள் ஆட்களுக்கு இது ஒன்று போதும். நம் வீட்டுச் சாவுக்கு வந்து மைக்கில் பெயர் வாங்கியவனை அதற்கப்புறம் உறவுக்காரனாகத்தான் பார்ப்போம். உறவுக்காரனிடம் போய் ரசீது கொடு, பெட்டியைப் பிரித்துக் காட்டு என்று கேட்டால் நாலு பேர் காறித் துப்புவார்கள்.

அவனிடமே கேமராவுக்குப் பேசி முடித்துவிட்டதாகச் சர்போங் வந்து சொன்னார். "பெட்டியைப் பிரிச்சுப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"என்ன அக்கா பேசுறீங்க? எங்கம்மா பொணத்துக்குப் பக்கத்துல நின்னவரு. அவருகிட்டப் போயி பிரிச்சுக் காட்டுங்கன்னு எந்த வாயால கேக்குறது?"

"கேமரா வாங்குற வாயாலதான்."

"உங்களுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். அதான் இன்னும் நாற்காலி வாடகைக்கு விட்டுக்கிட்டு இருக்கீங்க."

நான் நாற்காலி வாங்கப் போனால்கூட ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். இவரிடம் சொல்லி என்ன பயன்? செவிடன் காதில் சங்கு ஊதுகிற கதைதான்.

முன்பணம் கைக்குப் போனதும் க்ளெமென்ட் தொடங்கினான். பேட்டரி இந்த விலையில் சேராது, அது தனி. சார்ஜர் தனி. படம் பதிகிற கார்டும் தனி, அதையும் அண்ணனுக்காக மலிவாகத் தருகிறேன் என்றான். துறைமுகத்தில் யாருக்கோ ஏதோ தர வேண்டும் என்றும் ஒரு தொகை. மொத்தத்தையும் கூட்டினால் டவுன் கடை விலையைத் தாண்டிவிட்டது. டைரக்டரோ, "கேமரா பாதி விலைதானே, மத்ததெல்லாம் வேற கணக்கு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். தலையில் ஒருவன் மிளகாய் அரைக்கிறான், இவர் குளிர்ச்சியாக இருக்கிறது என்கிறார்.

அந்தக் கேமராவை முதன்முதலில் தூக்கிக்கொண்டு வந்தது லாரி சாமான் வியாபாரி அம்போன்சாவின் சாவுக்கு. அம்போன்சாவுக்கு ஒரே மகன், பாஃபோர். இத்தாலியில் தக்காளித் தோட்டத்தில் வேலை. போய்ப் பதினோரு வருடமாகியும் அங்கே தங்குவதற்கான காகிதம் சரியாகவில்லை. இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. தகப்பன் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை, வீடியோவிலாவது பார்க்கிறேன் என்று தாய் சேவா அம்மாவுக்குப் பணம் அனுப்பியிருந்தான். "எல்லாத்தையும் எடுக்கணும்னு இல்ல. அப்பாவைக் கிடத்தியிருக்குறதை மட்டும் நல்லா எடுத்தாப் போதும்" என்று போனில் சர்போங்கிடமே கெஞ்சினான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

டைரக்டர் உடனே ஒரு நிபந்தனை போட்டார். கிடத்தியிருக்கிற அறைக்குள் யாரும் போனைத் தூக்கக் கூடாது. "கண்டவன் கண்டபடி எடுத்து ஊரெல்லாம் அனுப்புறான். செத்தவருக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்று குடும்பப் பெரியவரிடம் உருகினார். மரியாதையாவது மண்ணாவது. எல்லோரும் போனில் எடுத்துவிட்டால் அவருடைய வீடியோ பிரதியை எவன் காசு கொடுத்து வாங்குவான்? பெரியவரும் தலையாட்டிவிட்டார். வாசலிலேயே ஒரு கூடையில் எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். என்னுடையதும் அந்தக் கூடையில்தான் கிடந்தது.

விடியற்காலை அம்போன்சாவை வீட்டு முன்னறையில் கிடத்தினார்கள். தங்க நிறக் கட்டில், விசேஷத்துக்கு உடுத்துகிற கெந்தே துணி, கையில் மோதிரங்கள். நல்ல அழகாகத்தான் இருந்தார் மனிதர். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சர்போங் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார், மண்டியிட்டார், அழுகிற பெண்களை விலகச் சொன்னார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பிறகு பெட்டியை மூடினார்கள், கொண்டுபோய்ப் புதைத்தார்கள். சாயங்காலம் வரை மொய், சாப்பாடு, ஆட்டம். அதையெல்லாமும் விடாமல் எடுத்தார்.

மறுநாள் தேவாலயத்திலிருந்து வந்ததும் சேவா அம்மா வீட்டில் அதே முன்னறையில் டிவியில் போட்டார்கள். சோற்றுத் தட்டு வந்தது. கோழிக்கால் கடிக்கிறவர்கள் வந்தார்கள். என் நாற்காலிகள் வந்தன. குண்டு மனிதர் ஒருவர் ஆடினார். அவ்வளவுதான். காலை நேரம் முழுவதும் வெறும் கறுப்பு.

வெட்கம் கெட்ட மனிதர், கார்டைத் தூக்கிக்கொண்டு அதே டவுன் கடைக்குத்தான் ஓடினார். கவுன்டரில் இருந்த பெண் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள்: "இது போலி கார்டு சார். மேல எழுதியிருக்குற அளவு உள்ள கிடையாது. ரொம்பிட்டா முதல்ல எடுத்தது மேலயே திரும்ப எழுதிக்கும். போனது போனதுதான்." சோறு வந்து பிணத்தை அழித்துவிட்டது.

க்ளெமென்டைப் போனில் கூப்பிட்டார்கள். "அண்ணே, நான் வித்தது கேமரா. கேமரா ஓடுதுல்ல?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். குடும்பப் பெரியவர் கொதித்துப் போனார். அவனைப் போலீஸில் இழுத்துப் போடலாம், நீ வந்து சாட்சி சொன்னால் போதும் என்று சர்போங்கிடம் சொன்னார். அப்போது இந்த மனிதர் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"அவரு எங்கம்மா சாவுக்கு வந்தவரு, பெரியவரே. மைக்ல பேரு சொன்னாங்க. அவரைப் போயி நான் எப்படிக் காட்டிக் குடுக்குறது?"

சேவா அம்மா அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். போனை எடுத்து மகனைக் கூப்பிட்டு, நடந்ததை இரண்டே வாக்கியத்தில் சொன்னார். பிறகு போனை சர்போங்கிடம் கொடுக்கச் சொன்னான் பாஃபோர். போனை ஸ்பீக்கரில் வைத்திருந்ததால் அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணே, போனது போகட்டும். நீங்கதானே காலையிலேர்ந்து அவரு பக்கத்துலயே நின்னீங்க. அப்பா முகம் எப்படி இருந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க."

குமாசியில் உள்ள எல்லாப் பொருளுக்கும் விலை சொல்கிற வாய் திறந்தது, மூடியது. "அண்ணே?" என்றது போன். சர்போங் அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வெறும் வலது கையைத் தூக்கிக் கேமரா பிடிப்பதைப் போல முகத்துக்கு முன்னால் வைத்து, ஒரு கண்ணை மூடி, அம்போன்சாவின் கட்டில் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.