அப்பாவின் கல்லில் அம்மாவின் சந்தனம்

ஒன்லைனில் சவரக்கத்தி ஒன்று வாங்கினேன். அப்பா வைத்திருந்ததைப் போல, மடக்கும் கத்தி; அம்மாவுக்கும் காட்டினேன். கூர் மழுங்கியிருந்தது. வழவழப்பான இயற்கைக் கல்லில், தண்ணீர் விட்டுத் தீட்ட வேண்டுமாம். அந்தக் கல்லின் விலையைப் பார்த்ததும் தாடியே வளர்க்கலாம் என்று தோன்றியது.

இன்று காலை சாமியறையில் அம்மா சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தார். கல்லை அப்போதுதான் கவனித்துப் பார்த்தேன்.

வெள்ளவத்தை வீட்டு பல்கனியில் ஞாயிறு காலைகளில் அப்பா கத்தி தீட்டிய அதே சாம்பல் கல். ஒவ்வொரு இழுப்புக்கும் கத்தியை முதுகுப் பக்கமாகப் புரட்டுவார். சத்தமே வராது.

"அம்மா, இது அப்பான்ர கல்லெல்லே?"

"ஓம். தெரியாமலே வச்சிருக்கிறன்?"

"இதில சந்தனம் லேசில அரைபடாதே. வேற கல்லு வாங்கித் தரட்டே?"

"ஒரு பொட்டுக்குப் பத்து நிமிசம் செல்லும்" என்றார் அம்மா. "செல்லட்டும். அவரோட இருக்க எனக்கென்ன அவசரம்?"

அரைத்த சந்தனத்தை அப்பாவின் படத்துக்கு வைத்துவிட்டு, கல்லைக் கழுவி என்னிடம் தந்தார். "தீட்டிப்போட்டு உடன கொண்டுவா."

தீட்டினேன். சவரமும் செய்தேன். கன்னத்தில் இரண்டு வெட்டு.

அம்மா மிச்சச் சந்தனத்தை வெட்டில் பூசிவிட்டார். ஒஃபிஸில் எல்லோரும் "என்ன, கோயிலுக்குப் போனியே?" என்று கேட்கிறார்கள்.

ஓம் என்றே சொல்லிவிட்டேன். பொய்யா அது?