மலையேறிய சொப்பு

என் கணவர் வீட்டில் ஒரு டம்ளர் வெந்நீர்கூட வைத்ததில்லை. அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அடுப்பு வாங்கி வந்திருக்கிறார் என்றதும் வீட்டில் இருந்த எல்லோரும் கூடத்துக்கு வந்துவிட்டோம்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. மாதுங்காவில் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. மாமனார், மாமியார், காலேஜில் படித்துக்கொண்டிருந்த நாத்தனார், நாங்கள் இருவர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அவருக்குக் கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. ஆபீஸில் கூட வேலை பார்த்த மராத்திப் பையன்கள் சிலர் ஞாயிறு தோறும் மலையேறப் போவார்கள். திங்கட்கிழமை அவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டுக் கேட்டு இவருக்கும் மலைப் பித்துப் பிடித்துவிட்டது. அதுவரை இவர் ஏறியிருந்த ஒரே மலை திருப்பதி. அதுவும் பஸ்ஸில்.

சோர் பஜாரிலிருந்து அவர் வாங்கி வந்தது பழைய ராணுவச் சாமான். காக்கி உறைக்குள் சப்பையான ஓர் அலுமினிய வாட்டர் பாட்டில். அதன் அடியில் கச்சிதமாகப் பொருந்திக்கொள்ளும் பெரிய கப், மடக்குகிற கைப்பிடியோடு. அந்தக் கப்புக்கும் அடியில், ஓட்டை ஓட்டையாக ஒரு தகர வளையம், அதுதான் அடுப்பு. எரிக்க ஒரு டப்பா நிறைய வெள்ளை வில்லைகள். ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் பரப்பினார். பிறகு ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகி மறுபடியும் பாட்டிலாக்கிக் காட்டினார்.

மாமியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “என்னடா இது, சொப்பா?”

“சொப்பில்லேம்மா. மிலிட்டரிக்காராளோடது. யுத்தத்துல இதுலதான் சமைச்சுச் சாப்ட்டிருக்கா.”

“அதான் அத்தனை கோவமா சண்டை போட்டிருக்கா.”

திங்கட்கிழமையிலிருந்து ஒத்திகை ஆரம்பித்தது. ஆபீஸிலிருந்து வந்ததும் பால்கனியில் உட்கார்ந்து அடுப்பை மூட்டுவார். எச்சில் தொட்ட விரலை நீட்டிக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பார். வளையத்தைத் திருப்பித் திருப்பி வைப்பார். தண்ணீர் கொதித்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு அதைத் துளசித் தொட்டி ஓரமாகக் கொட்டிவிடுவார். அந்த வில்லை எரியும்போது லேசாகக் கருவாட்டு வாடை வரும். எங்கள் கட்டடத்தில் அந்த வாடை சாதாரண விஷயமில்லை. கீழ்வீட்டு மாமி படியேறி வந்து, நேராகக் கேட்காமல், “ஆத்துல எல்லாரும் சௌக்கியம்தானே?” என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நேரலிலிருந்து மாதேரான் மலைக்கு நடந்து ஏறுவது என்று முடிவாயிற்று. மழைக்காலம் முடிகிற சமயம். மலை ரயில் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. ஆபீஸ் பையன்களோடு போவதற்கு முன் என்னைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பழகிக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். மருமகளை மழையில் மலைக்கு அனுப்புவதா என்று மாமனார் இழுத்தார். “போகட்டும். சொப்பு வெச்சு விளையாடத் துணைக்கு ஆள் வேண்டாமா?” என்று மாமியார்தான் அனுமதி வாங்கித் தந்தார்.

விடியற்காலையில் அடுக்கு டிபன் கேரியர் நிறையப் புளியோதரையும் தயிர் சாதமும் அடைத்து என் கையில் கொடுத்தார். வழியில் கோயில் ஏதாவது இருந்தால் ஏற்றச் சொல்லி ஒரு பொட்டலம் கற்பூரமும்.

“அங்கே உப்புமா பண்ணப் போறோம்மா. புளியோதரை எதுக்கு?” என்றார் இவர்.

“நீ பண்ணி முடிக்கறதுக்குள்ளே பசிக்குமே, அதுக்கு.”

தாதரில் கர்ஜத் வண்டியைப் பிடித்து நேரலில் இறங்கி நடந்தோம். கையடக்கமான அடுப்பை அவர் இடுப்பில் மாட்டிக்கொண்டு முன்னால் போனார். கையடக்கமில்லாத மற்றதெல்லாம் என்னிடம் இருந்தது. ஆனாலும் எனக்கு அந்த நடை பிடித்திருந்தது. இரண்டு பக்கமும் புல் இடுப்புயரம் வளர்ந்திருந்தது. பாறைகளிலிருந்து தண்ணீர் நூல் நூலாக இறங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் குரலைத் தழைக்காமல் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மலை ரயிலுக்கான ஒரு சின்ன ஸ்டேஷனின் தகரக் கொட்டகைக்குள் ஓடினோம். அங்கே எங்களுக்கு முன்பே ஒரு மராத்தித் தம்பதி ஒதுங்கியிருந்தார்கள். எங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர்கள், செம்பூரிலிருந்து வந்தவர்கள். அந்த மனிதர் தபால் ஆபீஸில் வேலை பார்ப்பதாகச் சொன்னார்.

மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. என் கணவர் அடுப்பைப் பிரித்தார். நான் வழக்கம்போல எழுந்தேன்.

“நீ தொடப்படாது. பேசாம உக்காரு” என்றார்.

உட்கார்ந்தேன். ஈரச் சட்டை முதுகில் ஒட்டியிருக்க, முழங்காலிட்டுத் தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டிருந்த அவரைப் பார்க்க விசித்திரமாக இருந்தது. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அடுப்பு எரியும்போது நான் சும்மா உட்கார்ந்ததே இல்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டேன்.

மராத்தியம்மாள் அந்தச் சாமான்களைப் பார்த்ததும், “அரே, பாதுக்லி!” என்று சிரித்தாள். அவர்கள் பாஷையில் சொப்புக்கு அதுதான் பெயராம். என் பக்கம் சாய்ந்து, “உங்க வீட்டுக்காரருக்குச் சமைக்கத் தெரியுமா?” என்று ஹிந்தியில் கேட்டாள்.

எனக்குத் தெரிந்த ஹிந்தியைத் திரட்டி, “ஆஜ் மாலூம் படேகா” என்றேன். இன்றைக்குத் தெரிந்துவிடும்.

அவளுடைய கணவருக்கோ அடுப்பிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தானும் முழங்காலிட்டு உட்கார்ந்து குடையை விரித்துக் காற்றுக்குத் தடுப்பு வைத்தார். அதன் பிறகு இரண்டு பேரும் எங்களை மறந்துபோனார்கள். தண்ணீர் முதலா ரவை முதலா, மூடுவதா திறந்து வைப்பதா என்று பாதி இங்கிலீஷிலும் பாதி ஹிந்தியிலும் வாதம் நடந்தது. இவர் உப்புப் போட்டார். இவர் வில்லை எடுக்கத் திரும்பிய சமயம் அவரும் போட்டார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவள் தன் துணி மூட்டையைப் பிரித்து பாக்ரி ரொட்டியும் பச்சைமிளகாய்ச் சட்னியும் எடுத்தாள். நான் கேரியரைத் திறந்தேன்.

நாங்கள் புளியோதரையில் பாதியை முடித்திருந்தபோது வில்லை தீர்ந்துபோயிற்று. பால்கனி ஒத்திகையிலேயே டப்பாவை முக்கால்வாசி காலி செய்திருந்தார். கப்பில் ரவை ஊறிக்கொண்டிருந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது. கற்பூரப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன்.

கற்பூரம் குப்பென்று பற்றிக்கொண்டது. அந்த அம்மாள் தன்னையறியாமல் ஜ்வாலைப் பக்கம் கையை நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

உப்புமா வெளியே கரிந்து, நடுவில் வேகாமல், கோயில் மணத்தோடு வந்தது. ஆளுக்கு நாலு வாய்தான். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படி இருக்கு?”

“உப்புதான் கொஞ்சம் தூக்கல்.”

“கொஞ்சம்னா?”

“ரெண்டு பேர் போட்ட அளவு.”

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் கப்பின் அடியில் பிடித்திருந்த காந்தலை ஸ்பூனால் சுரண்டி என் கையில் வைத்து, “உனக்குத்தான் பிடிக்குமே” என்றார். உப்புமாக் காந்தல் எனக்கு உயிர். ஆனால் பாத்திரம் தேய்க்கப் போடுமுன் சமையலறையில் தனியாக நின்றுதான் தின்பேன். அந்த வீட்டில் அது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். கற்பூர நெடி மூக்கில் ஏற, ஒரு துளி விடாமல் தின்றேன்.

அன்றைக்கு மாதேரான் வரை போகவேயில்லை. மழை விட்டதும் நாலு பேருமாகக் கீழே இறங்கினோம். அதற்குள் அந்த இரண்டு ஆண்களும் அடுத்த மலையைத் தீர்மானித்துவிட்டார்கள்.

பிறகு அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர்கள் ஜோடி சேர்ந்து போனார்கள். வில்லை போதவில்லை என்று பம்ப் ஸ்டவ் வந்தது. அதற்கு மண்ணெண்ணெய் டின். கப் போதவில்லை என்று குக்கர். கடைசியில் மடக்கு மேஜை ஒன்றும் சேர்ந்துகொண்டது. “மிலிட்டரியே போறது” என்பார் மாமியார், படியிறங்கும் சத்தத்தைக் கேட்டு. இரண்டு முறை கூடப் போய்ப் பார்த்துவிட்டு, நாங்கள் பெண்கள் இருவரும் விலகிக்கொண்டோம். அவர்கள் மலைக்குப் போகும் ஞாயிறுகளில் அவள் செம்பூரிலிருந்து பஸ் பிடித்து வருவாள். மாதுங்காவில் ஒரு ஹோட்டல் மாடியில் உட்கார்ந்து மசால் தோசையும் காபியும் சாப்பிடுவோம். என் ஹிந்தி தேறியதும் அங்கேதான்.

அப்படி ஒரு சாயங்காலம் நாங்கள் வீடு திரும்பினால், ஆண்கள் இருவரும் முகமெல்லாம் புழுதியாக எங்களுக்கு முன்பே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். “சாப்பிட ஏதாவது இருக்கா?” என்றார் இவர்.

“ஏண்டா, குக்கர் எடுத்துண்டு போனியே?” என்றார் மாமியார்.

“ஸ்டவ்ல அடைப்பு குத்தற ஊசியை மறந்துட்டோம்.”

மாமியார் தட்டு போட்டார். மத்தியானச் சாதம் கொஞ்சம்தான் இருந்தது. தபால் ஆபீஸ்காரர் மூன்றாவது தடவை ரசத்துக்குக் கையை நீட்டியபோது, அவர் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அரிசி களைய எழுந்தேன். அவளும் புடவையைச் சொருகிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.