அக்காவுக்கு நாலு குமிழ்

ஊரில் சில பேரைப் பெரும்புள்ளி என்பார்கள். இவரைத் தசமப்புள்ளி என்றார்கள். வானிலை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் மழையளவை எழுதிய மனுஷர். ஓய்வு பெற்றதும் சின்னதாக ஒரு மரக்கடைசல் லேத் வாங்கி, வண்டி நிறுத்தும் கொட்டகையில் போட்டுக்கொண்டார். மூன்று வருஷத்தில் அதிலிருந்து வெளிவந்தது ஒரு பம்பரமும் நாலு மூட்டை மரச்சுருளும். அந்தப் பம்பரமும் சாய்ந்துதான் சுற்றியது என்பது அவர் மனைவியின் வாக்குமூலம்.

இரண்டு தெரு தள்ளி அவருடைய அக்கா தனியாக இருந்தார். எழுபத்தொரு வயது. விரல் மூட்டெல்லாம் வீங்கி, சமையலறை அலமாரியில் இருக்கும் பட்டாணி அளவுக் குமிழ்களைப் பிடித்து இழுக்க முடியவில்லை.

"டேய், கைக்குள்ள அடங்குற மாதிரி தடியா நாலு குமிழ் கடைஞ்சு குடுடா. ரெண்டு மாசத்துல அவன் வர்றான். நான் ஒரு கதவைத் திறக்கத் திண்டாடுறதைப் பார்த்தான்னா, தன்னோட கூட்டிட்டுப் போயிடுவான். எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக இஷ்டமே இல்ல."

அவன் என்றால் அக்காவின் ஒரே மகன், வெளியூரில் குடும்பத்தோடு இருப்பவன். "இவ்வளவுதானேக்கா" என்று எழுந்து வந்தவர், அன்றைக்கே வேலையில் இறங்கினார். மரத்தைத் தொட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். காலெட் சக் எது நல்லது என்று பார்க்க உட்கார்ந்தார்.

லேத்தில் மரத்தைப் பிடித்துச் சுற்றும் பாகம்தான் சக். அவரிடம் நாலு தாடை சக் ஒன்று ஏற்கெனவே இருந்தது. நன்றாகவே பிடிக்கும். ஆனால் தாடை கடித்த இடத்தில் தழும்பு விழும். காலெட் அப்படியில்லை. சுற்றிலும் கீறல் விட்ட சிறு குழல் அது. நட்டை முறுக்கினால் மரத்தை எல்லாப் பக்கமும் சமமாக அணைத்துப் பிடிக்கும், தழும்பு கிடையாது. தழும்பு விழுவது குமிழின் அடிக்காம்பில், அதையும் கடைசியில் அறுத்துத்தான் எறியப்போகிறோம் என்பது அவருக்குத் தெரியாமலில்லை.

பதினான்கு சக்குகளை நோட்டுப் போட்டு ஒப்பிட்டார். எது எத்தனை மைக்ரான் ஆடும், எந்தக் காலெட் எத்தனை மில்லிமீட்டர் பிடிக்கும், எந்த நட்டில் பேரிங் உண்டு என்று நோட்டு நிறைந்தது. முகம் தெரியாத நாலு பேரோடு இணையத்தில் சண்டையும் போட்டார்.

"என்னங்க, மழை பெஞ்சாலே மரம் ஒரு நூல் ஊதிப்போகுது. அதுக்குப் போய் மைக்ரான் பார்த்துட்டு இருக்கீங்களே?" என்றார் மனைவி.

மழையைப் பற்றி அவரிடமே பாடம் எடுத்தால்? நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அக்கா வாரம் ஒரு தடவை போன் செய்தார். "பழைய சக்குலயே பண்ணக் கூடாதாடா?"

"பண்ணலாம்க்கா. ஆனா அது நல்ல பிடி இல்ல."

"எனக்குத்தான்டா பிடி இல்ல" என்றார் அக்கா. அதை அவர் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

ஐந்தாவது வாரம் ஒருவழியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். லேத்தில் சக்கைத் திருகி மாட்டும் சுழல்தண்டின் மரை என்ன அளவு என்று கடைக்குச் சொல்ல வேண்டும். வெர்னியர் வைத்து மூன்று முறை அளந்தார். இருபத்தைந்து புள்ளி மூன்று எட்டு. அலுவலகத்தில் மேலிடத்துக்குப் போகும் படிவத்தில் முழு எண் மட்டும்தான் எழுத வேண்டும், அரைக்குக் கீழே இருந்தால் வெட்டிவிட வேண்டும். கை பழகிய வேலையைச் செய்தது. இருபத்தைந்து மில்லிமீட்டர் என்று எழுதி அனுப்பிவிட்டார்.

சக் வந்தது. மாட்டினால் அரைச் சுற்றுகூட ஏறவில்லை. தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார். கடைக்காரர் அவருடைய நோட்டில் இருந்த தசம அளவைப் பார்த்தார்.

"சார், இது மில்லிமீட்டர் மரையே இல்ல. ஒரு இன்ச்சு சார். வெறும் ஒரு இன்ச்சு."

தசமம் தசமமாகப் பார்த்தவருக்கு ஒன்று என்கிற எண் கண்ணில் படவில்லை. மாற்றுச் சக் வரப் பதினைந்து நாளாகும் என்றார் கடைக்காரர். "நாலு தாடை சக் இருக்குல்ல? மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாமே சார்."

"தழும்பு விழும்" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பத்தாவது நாள் மகன் வந்தான். அவன் எதிரிலேயே அக்கா கரண்டிக் காம்பைக் கொடுத்து அலமாரியை நெம்பினார். கரண்டி நழுவி, புறங்கையில் தோல் உரிந்தது. மகன் சத்தம் போடவில்லை. மருந்து வைத்துக் கட்டிவிட்டு, பரணிலிருந்து அம்மாவின் பெட்டியைக் கீழே இறக்கினான். அவன் செய்ததைத் தப்பென்று யாரும் சொல்ல முடியாது.

"கிளம்புறேன்டா" என்று அக்கா போனில் சொன்னார்.

"அடுத்த வாரம் சக் வந்துடும்க்கா!"

"சரிடா" என்றார் அக்கா.

சக் வந்தது, பொருந்தியது. நாலு குமிழையும் ஒரே மூச்சில் கடைந்து முடித்தார். தழும்பில்லை, ஆட்டமில்லை, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தன. அக்கா விட்டுப்போன சாவியை எடுத்துக்கொண்டு போய் அலமாரிக் கதவுகளில் மாட்டினார். இரண்டு விரலால் தொட்டு இழுத்தாலே கதவு வந்தது. உள்ளே விரித்த காகிதத்தில் டப்பாக்கள் இருந்த இடம் மட்டும் வட்டம் வட்டமாக வெளுத்திருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை, அக்காவையே கூப்பிட்டார்.

"மாட்டிட்டேன்க்கா. சின்னக் குழந்தைகூடத் திறக்கலாம்."

"சந்தோஷம்டா. இங்க என்னை எதையும் திறக்கவே விடுறதில்ல. தண்ணிகூட கைக்கு வந்துடுது." அப்புறம், "நாலும் கடைய எவ்வளவு நேரம்டா ஆச்சு?" என்று கேட்டார்.

"ஒன்றரை மணி நேரம்."

"ஒன்றரை மணி நேரம்" என்று அக்கா ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு, மருமகள் சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று போனை வைத்துவிட்டார்.